வண்டி வத்தலக்குண்டோடு நிற்கட்டும்

பெரிய பள்ளத்தாக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்ம பக்கத்து ஆட்களையும் பிடித்துக்கொண்டது. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் பெண்ணாறு அறுத்துப்போட்ட கண்டிக்கோட்டையை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று ரீல்ஸில் காட்டுகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நல்ல இடம்தான், போய் வரட்டும். ஆனால் ஒரு சின்னக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் அசல் கிராண்ட் கேன்யனின் ஆழம், மிக ஆழமான இடத்தில், ஏறக்குறைய 1,850 மீட்டர். திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். கழித்துப் பாருங்கள், அதே 1,850 வரும். கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாகக் கீழ்நோக்கி அறுத்த உயரமும், நம் சமவெளியிலிருந்து பழனி மலை எழுந்து நிற்கும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே வருகிறவர்கள் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறார்கள். நாமோ பள்ளத்தின் தரையிலேயே குடியிருக்கிறோம். செம்பட்டியிலோ சித்தையன்கோட்டையிலோ வயல் வரப்பில் நின்று மேற்கே தலையைத் தூக்கினால் போதும், காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய காட்சி சும்மா கிடைக்கும்.

ஆறு அறுத்த பள்ளத்தாக்குதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கும் இங்கே ஒன்று இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து காட்ரோடு போய் மலையேறத் தொடங்கினால் டம்டம் பாறை வரும். அங்கிருந்து பார்த்தால் மஞ்சளாற்றுப் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம், மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால், தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர் உயரம். தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. வெள்ளைக்காரர்கள் எலிவால் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. அருவிக்கு அடியில் கார் போகிற சாலை கிடையாது. தண்ணீர் கீழே இறங்கி, தேவதானப்பட்டிப் பக்கம் மஞ்சளாறு அணையில் தேங்கி, பிறகு வைகைக்குப் போகிறது. சீசன் காலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் கடந்து போகும் இந்த இடத்தில், பெரும்பாலானவை ஐந்து நிமிடம் நிற்கும். இறங்கு, செல்ஃபி எடு, சுண்டல் வாங்கு, ஏறு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான், முன்னால் நிற்கிறவன் ரிவர்ஸ் எடுக்க இடமில்லாமல் முழிக்கிறான். மாநிலத்தின் உயரமான அருவிக்கு நாம் தரும் மரியாதை அவ்வளவுதான்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். இந்த மலையை உருப்படியாகப் பார்க்க வேண்டுமென்றால் சொந்த வண்டியைச் சமவெளியில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும். அரசும் அதை ஒரு வேண்டுகோளாக விட்டுவிடாமல், படிப்படியாக விதியாகவே ஆக்க வேண்டும். சொன்னதுமே பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும், ஒவ்வொருவருக்கும் பதில் இருக்கிறது.

முதலில் பார்ப்பது என்பதையே எடுத்துக்கொள்வோம். கிராண்ட் கேன்யனில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த படிவுப் பாறைகள் தெரியும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். பழனி மலையில் அந்த மாதிரி அடுக்கு இல்லை. சார்னகைட், நைஸ் என்று பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை அது. இங்கே அடுக்கு செடிகொடியில் இருக்கிறது. அடிவாரத்தில் முள்ளும் புதரும் காய்ந்த காடும். கொஞ்சம் ஏறினால் இலையுதிர் மரங்கள். ஊத்து, பண்ணைக்காடு வட்டாரத்தில் காபி, ஆரஞ்சு, மலைவாழை, மிளகு. பெருமாள்மலை நெருங்கும்போது குளிர் ஏறும், யூகலிப்டசும் வாட்டிலும் பைனும் தலைகாட்டும். அவை நட்டு வளர்த்த அந்நிய மரங்கள். அவற்றுக்கு இடையிலும் அப்பாலும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்வெளியும்தான் இந்த மலையின் சொந்தச் சொத்து. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இத்தனை தட்பவெப்பத்தையும் கடந்து போகிற பயணம் அது. கொடைக்கானல் போவதில் பாதி அழகு போகிற வழியில்தான் இருக்கிறது. அந்த வழியைக் கார் ஓட்டுகிறவர் பார்க்கிறாரா? கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது முன்னால் போகும் டிராவலர் வேனின் பின்கதவும் அதில் ஒட்டிய ஸ்டிக்கரும்தான். வேறெங்காவது பார்த்தால் அது குற்றம், பார்க்கவும் கூடாது. அதாவது குடும்பத்தில் ஒருவரை, பெரும்பாலும் செலவு செய்து கூட்டிப்போகிறவரையே, காட்சியிலிருந்து விலக்கி வைத்துவிட்டு நடத்துகிற சுற்றுலா இது. பேருந்தில் அவருக்கும் ஜன்னல் உண்டு.

இனி மேலே போய்ச் சேர்ந்த வண்டிகளின் கதை. சென்னை உயர்நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. இந்த எண்ணைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஒரு காரின் நீளம் நாலு மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், 4,000 கார்களை இடைவெளி விடாமல் நிறுத்தினால் 16 கிலோமீட்டர். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். வார நாளுக்கான வரம்பே ஏரியை மூன்று சுற்றுச் சுற்றிவிடுகிறது. வார இறுதி வரம்பு ஏறக்குறைய ஐந்து சுற்று. இதெல்லாம் ஒரே நேரத்தில் ஏரிக்கரையில் நிற்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். சிலது மன்னவனூரில் நிற்கும், சிலது விடுதிக்குள் நிற்கும். ஆனால் முந்தின நாள் வந்தவை பல இன்னும் இறங்கியிருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலெக்டராக இருந்த லெவிஞ் 1863-ல் அந்த ஏரியை உருவாக்கியபோது மோட்டார் வண்டியே உலகத்தில் இல்லை. ஊரின் தெருக்கள் அந்த அளவுக்கு அமைந்தவை. தூண்பாறை, குணா குகை, கோக்கர்ஸ் வாக் எல்லாமே நடக்கிற ஆட்களை நினைத்து உண்டான இடங்கள்.

இ-பாஸை நான் குறை சொல்லவில்லை. முதல்முறையாக யாரோ உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார்கள், அதுவே பெரிய விஷயம். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் வேலை ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூருவிடமும் போயிருக்கிறது. ஆனால் இந்த வரம்பின் உள்ளே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. நீதிமன்றம் ஆட்களை எண்ணவில்லை, வண்டிகளை எண்ணியது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு வரம்பு இல்லை. பிரச்சினை மனிதக் கூட்டத்தைவிட உலோகக் கூட்டத்தில்தான் அதிகம் என்பதை அந்த உத்தரவே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அடுத்த படி என்ன? நாலாயிரம் வண்டியை மூவாயிரமாக்கி, ஆயிரம் குடும்பங்களை வீட்டில் உட்கார வைப்பதா? அதே குடும்பங்களை வண்டியில்லாமல் மேலே கொண்டுபோவதா? இரண்டாவது வழியில் யாருடைய பயணமும் ரத்தாகாது.

இதைச் செய்து காட்டிய இடம் ஒரு பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் சயான். வர்ஜின் ஆறு அறுத்த செம்பாறைப் பள்ளத்தாக்கு. சுவர்கள் சில இடங்களில் 800 மீட்டர் உயரம். தொண்ணூறுகளின் இறுதியில் அங்கேயும் இதே கதை. 1997-ல் ஆண்டுக்கு 24 லட்சம் பேர், குறுகிய சாலை ஒன்று, நிறுத்த இடமில்லாமல் ஓரத்துச் செடிகள் மேல் ஏறி நிற்கும் கார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பூங்கா நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. சீசன் முழுக்கப் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார் கிடையாது. இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். கார் இல்லாமல் பல் விளக்கக்கூடப் போகாத நாடு அது. ஆட்கள் வருவது நின்றுபோனதா? கூட்டம் ஏறிக்கொண்டே போய் 2021-ல் 50 லட்சத்தைத் தாண்டியது. 2024-ல் அந்தப் பேருந்துகள் முழுக்க மின்சாரப் பேருந்துகளாகிவிட்டன. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் ஹெர்மிட் சாலையிலும் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேருந்து விட்டதால் சயானில் கூட்டப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற ஆபத்தான பாறை முனைக்கு ஏற 2022 முதல் தனி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பேருந்து வண்டி நெரிசலைத் தீர்க்கும், ஆள் நெரிசலுக்கு வேறு மருந்து வேண்டும். ஆனால் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கும் வரை ஒன்றுக்கும் மருந்து கிடைக்காது.

“அது அமெரிக்கா சார், இது இந்தியா” என்று உடனே ஒரு குரல் வரும். சரி, இந்தியாவுக்கே வருவோம். மும்பைக்குப் பக்கத்தில் மாதேரான் என்றொரு மலையூர். அங்கே கார் தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடை, குதிரை, 1907-லிருந்து நேரலிலிருந்து ஏறும் சின்ன ரயில். அந்த ஊர் காலியாகவில்லை. அங்கேயும் ஒரு கறை உண்டு: மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷா வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025-ல்தான் உத்தரவிட்டது. காரை நிறுத்தினால் மாற்று ஏற்பாட்டைக் கண்ணியமாகச் செய்ய வேண்டும் என்பதற்கு அது பாடம்.

மாதேரானும் தூரம் என்றால், நமக்கு நன்றாகத் தெரிந்த சபரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு மண்டலக் காலத்தில் வண்டிகள் நிலக்கல்லில் நிறுத்தப்பட்டன. அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்து தொடர்ந்து ஓடியது. திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து போன எத்தனை ஆயிரம் குருசாமிகள் அந்தப் பேருந்தில் ஏறியிருப்பார்கள். முணுமுணுத்தார்கள், ஏறினார்கள், தரிசனம் முடித்துத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டும் போனார்கள். திருவண்ணாமலைப் பௌர்ணமிக்கு ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம் போடுகிறார்கள், அதற்கும் பழகிவிட்டோம். சதுரகிரிக்கு வண்டியே கிடையாது, தாணிப்பாறையிலிருந்து நடைதான். தைப்பூசத்துக்கு நம் சமவெளிச் சாலைகளின் ஓரமெல்லாம் பழனிக்கு நடக்கிற பாதங்கள். சாமிக்காக வண்டியை விட்டு இறங்கத் தெரிந்த ஜனத்துக்கு மலைக்காக இறங்கத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

அடுத்த எதிர்ப்பு கனமானது. மேலே கடை வைத்திருக்கிறவர்கள், விடுதி நடத்துகிறவர்கள், குதிரைக்காரர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள் என்ன ஆவார்கள்? 2025 ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரியில் இ-பாஸை எதிர்த்துக் கடையடைப்பே நடந்தது. அந்தக் கோபத்தை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. ஆண்டில் இரண்டு மாத சீசனை நம்பி மீதிப் பத்து மாதத்தை ஓட்டுகிற வாழ்க்கை அது. ஆனால் அவர்கள் பயப்படுவது எதற்கு? ஆள் வராமல் போய்விடுவார்களோ என்று. வண்டி வராமல் போவதால் கடைக்காரருக்கு என்ன நட்டம்? கார் சாக்லேட் வாங்குவதில்லை, மனிதன்தான் வாங்குகிறான். இன்னும் சொல்லப்போனால், சொந்தக் காரில் வருகிற குடும்பம் மலையூர்க்காரர் டாக்ஸியில் ஏறுவதில்லை. தண்ணீர் கேனிலிருந்து புளியோதரை வரை டிக்கியில் அடைத்துக்கொண்டு வந்து, ஏரியைச் சுற்றிவிட்டு, குப்பையை மட்டும் விட்டுவிட்டு இறங்குகிறது. பேருந்தில் வந்து இறங்குகிறவருக்கோ தூண்பாறைக்குப் போக, பூம்பாறைக்குப் போக, மன்னவனூர்ப் புல்வெளிக்குப் போக உள்ளூர் வண்டி வேண்டும். சாப்பிட உள்ளூர்க் கடை வேண்டும். சயானின் வாசலில் ஸ்பிரிங்டேல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பூங்காப் பேருந்தோடு இணைத்து ஊருக்குள்ளும் பேருந்து விட்டார்கள், விடுதிகள் கடைகள் வாசலிலேயே நிறுத்தம். அந்த ஊர் அழியவில்லை. நம் கணக்கில் ஸ்பிரிங்டேலின் இடத்தில் இருப்பது வத்தலக்குண்டு. அந்தப் பக்கம் பழனி. ரயிலில் வருகிறவர்களுக்கு அம்மையநாயக்கனூர்க் கொடைரோடு. விடுதிக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மையான நட்டம் வரலாம்: ஊருக்கு வெகு தொலைவில், கார் இருந்தால் மட்டுமே போக முடிகிற சரிவுகளில் கட்டிடம் எழுப்பியவர்களுக்கு. அவற்றில் எத்தனை அனுமதியோடு கட்டப்பட்டவை என்பது தனிக் கேள்வி, அதற்குள் இப்போது போகவில்லை.

மலையில் வாழ்கிறவர்களின் வண்டிக்கும், கேரட், பூண்டு, பேரிக்காய் ஏற்றி இறக்கும் லாரிக்கும், ஆம்புலன்ஸுக்கும் இதெல்லாம் பொருந்தாது. இ-பாஸிலேயே உள்ளூர்க்காரர்களுக்கும் விளைபொருள் வண்டிகளுக்கும் வரம்பு இல்லை. நான் பேசுவது சுற்றுலா வண்டியை மட்டும்.

“வயசான அப்பா அம்மா, கைக்குழந்தை, நாலு பை. இவற்றோடு நம்ம ஊர் பஸ்ஸில் ஏறச் சொல்கிறீர்களா?” என்பது அடுத்த கேள்வி. இன்றைக்கு இருக்கிற நிலையில் ஏறச் சொன்னால் அது கொடுமைதான், மறுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கொடைக்கானல் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நிலை மாறாமல் யாரையும் காரைவிட்டு இறக்க முடியாது. அதனால் கணக்கைத் திறந்து வைத்தே பேசுவோம். 4,000 வண்டி, வண்டிக்கு நாலு பேர் என்றால் 16,000 பேர். 40 இருக்கைப் பேருந்தில் 400 நடை. ஒரு பேருந்து ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கினால் 200 பேருந்துகள் தேவை. பாதிப் பேரை மட்டும் முதலில் மாற்றுவது என்றால் 100. வத்தலக்குண்டு வழி, பழனி வழி என்று பிரித்தால் இன்னும் எளிது. இது என் தோராயக் கணக்கு, போக்குவரத்துப் பொறியாளர் வந்து திருத்தட்டும். ஆனால் ஏறத்தாழ 20,000 பேருந்துகளை ஓட்டும் மாநிலத்துக்கு, ஏப்ரல், மே, ஜூனுக்கு மட்டும் நூறு பேருந்தைத் திருப்பி விடுவது மலையைப் பெயர்க்கிற வேலை இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆயிரக்கணக்கில் சிறப்புப் பேருந்து விடத் தெரிந்த நிர்வாகம் இது. முன்பதிவு செய்த இருக்கை, பை வைக்க இடம், அடிவாரத்தில் காவலோடு வண்டி நிறுத்தம், சுத்தமான கழிப்பறை. இந்த நாலும் இருந்தால் பாதிக் குடும்பங்கள் தாமாகவே இறங்கிவிடும். நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி அனுமதி தரலாம். சபரிமலை, மாதேரான் எல்லா இடத்திலும் விதிவிலக்கு இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம், ரோடு ட்ரிப் ஆசை. பாட்டு போட்டுக்கொண்டு, நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடித்துக்கொண்டு போகிற சுகம் பேருந்தில் கிடைக்காது. உண்மை. அந்தச் சுகத்தை நான் பறிக்கவில்லை. சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை 420 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை, கோயம்புத்தூரிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாக ஒன்று, மதுரையிலிருந்து ஒன்று, எல்லாம் உங்களுக்குத்தான். கடைசி 65 கிலோமீட்டரை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்கிறேன். பதிலுக்கு நம் சமவெளியைக் கொஞ்சம் பாருங்கள். இப்போது திண்டுக்கல்லில் நிற்கிற வெளியூர்க் காருக்குத் தெரிந்தது பிரியாணி ஒன்றுதான். சீரகச் சம்பா வாசம் அடிக்கும் வரை நிற்கும், கை கழுவியதும் கிளம்பிவிடும். மலைக்கோட்டையின் மேலிருந்து பார்த்தால் கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலை, நடுவே இந்த ஊர் என்று நிலத்தின் அமைப்பே விளங்கும். ஆத்தூர்க் காமராஜர் அணைக் கரையில் நின்றால் மலைச்சுவர் நெஞ்சுக்கு நேரே நிற்கும். நிலக்கோட்டைப் பூச்சந்தை விடியற்காலையில் பார்க்க வேண்டிய ஒன்று. அடிவாரத்தில் அரை நாள் நிற்க வேண்டியிருந்தால் இவையெல்லாம் கண்ணில் படும். கார் நேரே ஏறிவிடுவதால்தான் படுவதில்லை.

கார் ஏறும் பாதையே இந்த மலைக்குப் புதுசு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிய காலத்திலிருந்து அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள், பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை நடையும் டோலியும் குதிரையும்தான். டோலி தூக்கியவர்களின் தோளில் ஏறிய ஊர் அது என்பதால் அந்தக் காலத்தைப் போற்றிப் பாட எனக்கு விருப்பமில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில்தான் லாஸ் காட் சாலை வந்தது. இன்றைக்கும் வத்தலக்குண்டு வழியாக ஏற முக்கியச் சாலை அதுதான். அதன் கொள்ளளவைக் கூட்ட முடியாது. அகலப்படுத்தலாம் என்பார்கள், ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சரிவை வெட்ட வேண்டும், வெட்டிய சரிவு மழைக்கு இறங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சிதைத்துவிட்டு இந்தப் பக்கம் கடந்தபோது மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் மலைச்சாலைகள் அடைபட்டன. அது சுற்றுலா மந்தமான மாதம். மே மாத வார இறுதியில், ஆறாயிரம் வண்டி மேலே இருக்கும்போது அப்படி ஒரு சரிவு வந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதில் பேச உரிமை என்ன என்றும் கேட்கலாம். மலை மேலே இருப்பவர்களுடையது, காசு வெளியூர்க்காரர்களுடையது, நீங்கள் யார் நடுவில்? நாங்கள் அந்த மலையின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள். கீழ்ப்பழனி மலைச் சரிவின் ஓடைகள்தான் ஆத்தூர் அணையை நிரப்பித் திண்டுக்கல் நகரத்துக் குழாய்க்கு வருகின்றன. மருதாநதி, மஞ்சளாறு, வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு என்று அணைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், எல்லாமே அந்த மலை பெய்கிற நீர். சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துக் கோடையில் கசிய விடுவதால்தான் மழைமறைவுச் சமவெளியில் வெற்றிலையும் தென்னையும் நிற்கின்றன. பழனி மலையைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்ற யோசனை வெகுகாலம் பேச்சிலேயே இருந்தது. கடைசியில் 2013-ல் சுமார் 609 சதுரக் கிலோமீட்டர் கொடைக்கானல் வனவுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அங்கேயே ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி பெற்ற குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள்தான் போகலாம். போய் வந்தவர்கள் யாரும் அனுமதி வாங்கியதைக் குறையாகச் சொல்வதில்லை. ஏரி சுத்தமாக இருப்பதைத்தான் சொல்கிறார்கள்.

அவசரமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்ததும் குணா குகைப் பக்கம் எப்படிக் கூட்டம் அலைமோதியது என்று பார்த்தோம். ஒரு மலையாளப் படத்துக்கே அவ்வளவு. கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. 2018-ல் இருந்த கூட்டமும் இப்போது இருக்கிற ரீல்ஸ் கூட்டமும் ஒன்றல்ல. குறிஞ்சி பூக்கிற சரிவுக்கு எதிரே பத்து கிலோமீட்டர் கார் வரிசை நிற்கிற காட்சியைத் தவிர்க்க வேண்டுமானால், அடிவார நிறுத்தத்துக்கான நிலத்தை இப்போதே ஒதுக்க வேண்டும். ஒரு சீசனில் வார இறுதிக்கு மட்டும் சோதனையாக விட்டுப் பார்க்கலாம். தப்பு இருந்தால் 2030-க்குள் திருத்திக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியரகமும் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து பேசினாலே தொடங்கிவிடக்கூடிய வேலை இது.

அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் கொடைக்கானலுக்குப் பேருந்து இருக்கிறது. வார நாளாகப் பார்த்து, ஜன்னலோர இடமாகப் பார்த்து ஏறுங்கள். அதற்கு இ-பாஸும் வேண்டாம்.